கோவுக்குள் ஒரு கோ

அழகர்கோவில் என்ற பெயரிலேயே ஒரு ‘கோ’ உண்டு. கோ என்றால் அரசன்; அவன் இல், கோவில். உடம்படுமெய் வகரமானால் கோவில், யகரமானால் கோயில். மண்டபத்தில் உட்கார்ந்து தங்கை மகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காதில் ஏறவில்லை. நோட்டில் கட்டம் போட்டு, புளியங்கொட்டை கறுப்பு, சோழி வெள்ளை என்று எனக்கு ஜப்பானியரின் ‘கோ’ ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதிலேயே குறியாக இருந்தான்.

என் ஒற்றைக் கொட்டையை வளைத்து எடுத்தான். எடுக்க வைத்த சோழி இப்போது என் கொட்டைகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. கை நீட்டினேன்.

“மாமா, அது கோ. இப்ப எடுக்கக் கூடாது. வேற எங்கயாவது ஒண்ணு வச்சுட்டு வாங்க.”

நியாயம்தான். நான் எடுக்க, அவன் எடுக்க என்று விட்டால் விடிய விடிய ஓடும். அதனால் வேறு மூலையில் அவன் பதறுகிற மாதிரி ஒன்றை வைக்க வேண்டும். அவன் அதைக் காக்கப் போனால் நான் திரும்பி வந்து எடுக்கலாம். பிறகு மூலை தேடுவது அவன் பாடு.

ஆட்டமும் கோ, விதியும் கோவா? இது நம் எழுத்து செய்த வேலை. ஆட்டத்தின் பெயரில் கங்கையின் ககரம்; விதியின் பெயரில் கல்லின் ககரம். ஜப்பானில் இரண்டுக்கும் எழுத்தே வேறு.

விதியைக் குறிக்கும் எழுத்து சீனத்திலிருந்து போனது. அங்கே ‘ஜியே’ என்பார்கள். வழிப்பறி, கொள்ளை என்று பொருள். பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்கள் ‘கல்ப’ என்ற வடசொல்லை ஒலிபெயர்க்க இதே எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். நாம் கற்பம் என்கிறோமே, பிரமனின் ஒரு பகல், 432 கோடி ஆண்டு, அதுதான். ஜப்பானியர் பத்துக் கோடி கற்பம் என்று பொருள்படும் ‘ஒக்கூ’வை இன்று ‘அலுப்பாக இருக்கிறது’ என்பதற்குச் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். முடிவுக்கு வராமல் இழுக்கும் ஒருவகைக் கோவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பத்தாயிரம் ஆண்டுக் கோ’.

முடிவில்லாத ஆட்டத்துக்குக் கற்பத்தின் பெயர் என்றால் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு கொள்ளைக்குத்தான். சீன ஆட்டக்காரர்கள் கோவில் மல்லுக்கட்டுவதைச் சொல்லும் ‘தா ஜியே’, தெருவில் வழிப்பறிக்கும் அதே சொல். கற்பம் பிறகு வந்து ஒட்டியிருக்க வேண்டும்.

அழகர்மலையில் இரண்டுமே பழக்கமானவை. சங்கல்பத்தில் சுவேதவராக கற்பம் வந்துவிடும். திருமாலிருஞ்சோலைப் பெருமாளை நம்மாழ்வாரே கள்வன் என்றார். சித்திரையில் வைகைக்குப் புறப்படுகிறவர் கள்ளழகர்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே கோவில் தோசையின் கடைசித் துண்டை நான் எடுத்தேன். அவன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். நான் மறுபடி கை நீட்டினேன்.

“கோ, மாமா.”