சாய்வு மிதிவண்டிக்கு வேகமான டயர்: தேர்வு செய்வது எப்படி?

கொல்கத்தா: இருக்கையில் சாய்ந்தமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் ‘ரெக்கம்பென்ட்’ எனப்படும் சாய்வு மிதிவண்டிகளில் இரு சக்கர, மூன்று சக்கர வகைகள் உள்ளன. இவற்றின் வேகத்தை நிர்ணயிப்பதில் டயருக்கு முக்கியப் பங்கு உண்டு. டிராம் தண்டவாளங்களும் மழைநீர் தேங்கும் சாலைகளும் நிறைந்த கொல்கத்தா போன்ற சமவெளி நகரத்தில் டயரை எப்படித் தேர்வு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று சக்கர வண்டியில் தொடங்கிய வரலாறு

காற்றடைத்த டயர் நடைமுறைக்கு வந்ததே மூன்று சக்கர மிதிவண்டியின் வழியாகத்தான். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடுவதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற வீரர் அத்தகைய டயர்களுடன் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வெற்றி பெற்றார். டன்லப் பெயரைத் தாங்கிய நிறுவனம் பின்னர் 1936-இல் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டம் சாஹாகஞ்சில் டயர் ஆலையை நிறுவியது.

சாய்வு மிதிவண்டியின் வேகமும் பழைய செய்தியே. 1933 ஜூலை 7 அன்று பிரான்ஸ் வீரர் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. கடந்தார். 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனையை அது விஞ்சியது. ஆயினும் சர்வதேச மிதிவண்டிச் சம்மேளனம் 1934-இல் இவ்வகை வண்டிகளை அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளிலிருந்து விலக்கியது.

டயர் ஏன் முக்கியம்?

சமதளத்தில் ஓட்டுபவர் காற்றின் எதிர்ப்பு, டயரின் உருளல் தடை ஆகிய இரண்டையும் வெல்ல வேண்டும். தரையில் அழுந்தும் டயர் நசுங்கி மீளும்போது ரப்பரும் நூலிழையும் வெப்பமாக இழக்கும் ஆற்றலே உருளல் தடை. சாய்ந்தமர்வதால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. எனவே மொத்த உழைப்பில் டயரின் பங்கு சாதாரண மிதிவண்டியைவிட இதில் அதிகம்.

ஓட்டுபவர், வண்டி, பை அனைத்தும் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 0.004 தடைக்கெழு உள்ள வேகமான டயருக்குச் சுமார் 22 வாட் செலவாகும். 0.008 உள்ள கனத்த டயருக்குச் சுமார் 44 வாட் தேவை. காற்றை வெல்லச் சுமார் 36 வாட் ஆகும் எனக் கொண்டால், கனத்த டயரில் 80 வாட் உழைத்து 20 கி.மீ. வேகம் பெறுபவர், அதே உழைப்பில் வேகமான டயரில் ஏறத்தாழ 23 கி.மீ. வேகம் பெறுவார்.

அளவை முதலில் பார்க்கவும்

‘20 அங்குலம்’ என்ற பெயரை மட்டும் நம்பி டயர் வாங்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் ‘40-406’ போன்று அச்சிடப்பட்ட எண்களே நம்பகமானவை. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் அமரும் விளிம்பின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். 20 அங்குலம் என்ற பெயரிலேயே 406, 451 என்ற இரு அளவுகளும், 16 அங்குலத்தில் 305, 349 என்ற இரு அளவுகளும் உள்ளன. ஒன்றுக்கான டயர் மற்றொன்றில் பொருந்தாது. மூன்று சக்கரச் சாய்வு வண்டிகளின் முன் சக்கரங்களில் 406 அளவே பரவலாகக் காணப்படுகிறது.

வேகமான டயரின் இலக்கணம்

* மெல்லிய, வளைந்து கொடுக்கும் பக்கச்சுவர். நசுங்கி மீள்வதில் ஆற்றல் இழப்பு குறையும்.
* வழவழப்பான மேற்பரப்பு. தார்ச்சாலையில் ஆழ்ந்த வரிப்பள்ளங்களால் பயனில்லை. மிதிவண்டியின் வேகத்தில் டயர் நீரின் மேல் மிதந்து வழுக்கும் நிலை ஏற்படுவதில்லை. ஈரத்தில் பிடிமானத்தைத் தருவது ரப்பர் கலவையே.
* போதிய அகலம். ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் தரையைத் தொடும் பரப்பு நீளத்தில் குறுகும். அதனால் எளிதாக உருளும். ஒடுங்கிய டயரே வேகமானது என்ற எண்ணம் சரியன்று.
* மெல்லிய டியூப். லேட்டக்ஸ் டியூப் வேகமானது. ஆனால் காற்று விரைவில் கசிவதால் அடிக்கடி நிரப்ப வேண்டும்.

பஞ்சரைத் தடுக்கும் தடித்த அடுக்கு கொண்ட டயர்கள் மெதுவாகவே உருளும். தொலைவான அன்றாடப் பயணத்துக்கு, மெல்லிய பாதுகாப்பு அடுக்கு கொண்ட இடைநிலை டயர் பொருத்தமானது. மூன்று சக்கர வண்டியில் மூன்று தடங்கள் விழுவதால் கண்ணாடித் துண்டிலோ பள்ளத்திலோ ஏதேனும் ஒரு சக்கரம் சிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் கருத வேண்டும்.

காற்றழுத்தம் எவ்வளவு?

அழுத்தம் கூடக்கூட வேகம் கூடும் என்பது வழவழப்பான தளத்துக்கே பொருந்தும். கரடுமுரடான சாலையில் அளவுமீறி இறுகிய டயர் வண்டியையும் ஓட்டுபவரையும் உலுக்குகிறது. அந்த அதிர்விலும் ஆற்றல் வீணாகிறது. சாதாரண மிதிவண்டியில் பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து எழுந்து அதிர்ச்சியைத் தவிர்க்கலாம். சாய்வு வண்டியில் அவ்வாறு எழ முடியாது என்பதால் டயரே அதிர்வைத் தாங்க வேண்டும்.

டயரில் அச்சிடப்பட்ட குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளுக்கு நடுவில் தொடங்கி, 5 பவுண்டு வீதம் கூட்டியும் குறைத்தும் சோதிப்பது நல்லது. மூன்று சக்கரங்களில் எடை பகிரப்படுவதால், இரு சக்கர வண்டியைவிடக் குறைந்த அழுத்தமே பெரும்பாலும் போதும்.

சக்கர நேர்மை

முன்னே இரு சக்கரம் கொண்ட வண்டியில் அவ்விரண்டும் இணையாக இல்லாவிடில், டயர் உருளாமல் பக்கவாட்டில் தேயும். எத்தனை விலையுயர்ந்த டயராயினும் அதன் பயன் இதில் கரைந்துவிடும். அச்சின் உயரத்தில் இரு ரிம்களுக்கும் இடையிலான தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளந்து, தயாரிப்பாளர் கூறும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். முன் டயர்கள் விரைவாகத் தேய்வது இக்குறைக்கு அடையாளம்.

கொல்கத்தா சாலைகளில்

ஒடுங்கிய டயர் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும். எனவே 40 மி.மீ. அளவிலான அகலமே பாதுகாப்பானது. தண்டவாளத்தைக் கூடுமானவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் தேங்கிய நீர் பள்ளங்களையும் கூர்மையான பொருள்களையும் மறைக்கும் என்பதால், அம்மாதங்களில் பஞ்சர் தாங்கும் டயருக்கு மாறுவது நலம். மாநகரில் 2013-இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் 62 சாலைகளாகக் குறைக்கப்பட்டது. பயணத்துக்கு முன் சாலை அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். நியூ டவுன் பகுதியில் தனி மிதிவண்டிப் பாதைகள் உள்ளன.

எளிய சோதனை

காற்றில்லாத அதிகாலையில், போக்குவரத்து அற்ற சமமான பாதையில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தை எட்டியதும் மிதிப்பதை நிறுத்தி, வண்டி தானாக நிற்கும் தூரத்தை அளக்கலாம். இரு திசைகளிலும் சிலமுறை செய்து சராசரி காண வேண்டும். அதே எடையுடன் அதிக தூரம் ஓடும் டயரும் காற்றழுத்தமுமே சிறந்தவை.

உழைப்பாளருக்கும் பயன்

இந்த இயற்பியல் சாய்வு வண்டிக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தின் சைக்கிள் ரிக்ஷாவுக்கும் சரக்கு வேனுக்கும், சென்னையின் மீன்பாடி வண்டிக்கும் அது பொருந்தும். மொத்தம் 250 கிலோ எடையை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் இழுக்க, தடைக்கெழு 0.012 எனில் டயருக்கு மட்டும் சுமார் 82 வாட் தேவை, 0.008 எனில் 55 வாட் போதும். நாள் முழுவதும் மிதிப்பவரால் தொடர்ந்து தர இயலும் ஆற்றலே ஏறத்தாழ 75 முதல் 100 வாட்தான். புதிய டயர் வாங்க இயலாதவர்களும் வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சக்கரங்களை நேராக்கினால், இச்சேமிப்பில் ஒரு பகுதியைப் பெற முடியும்.