பெல்பாஸ்ட் சுவரோவியங்கள்

பெல்பாஸ்ட் சுவரோவியங்கள் என்பன வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில், பெரும்பாலும் வீடுகளின் பக்கச் சுவர்களில், வரையப்பட்டுள்ள அரசியல் ஓவியங்கள் ஆகும். அழகூட்டுவதைவிட, ஒரு தெரு எத்தரப்பினருடையது என அறிவிப்பதே இவற்றின் முதற் பணியாக இருந்தது.

இம்மரபைத் தொடங்கியோர் பிரித்தானியாவுடனான ஒன்றியத்தை ஆதரித்த புரட்டஸ்தாந்தினர் ஆவர். 1690 இல் பொயின் சமரில் வென்ற மன்னர் மூன்றாம் வில்லியம், வெண்குதிரை மீது அமர்ந்தவராக 1908 அளவிலேயே சுவரேறிவிட்டார். கத்தோலிக்கத் தேசியவாதிகளின் பகுதிகளில் 1981 வரை சுவரோவியங்கள் மிகச் சிலவே. அவ்வாண்டு சிறையில் உண்ணாநிலைப் போராட்டம் மேற்கொண்ட பத்துப் பேர் இறந்தனர். அவர்களுள் முதலாவதாக, 66 ஆவது நாளில் இறந்த பொபி சாண்ட்சு, சிறையிலிருந்தவாறே பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். போல்சு சாலையில் சின் பெயின் கட்சி அலுவலகச் சுவரிலுள்ள அவரது சிரித்த முகம் உலகெங்கும் அறியப்பட்டது.

சாங்கில் பகுதியில் முகமூடி அணிந்த துப்பாக்கி வீரர்களே நெடுங்காலம் சுவர்களை நிறைத்தனர். 1998 பெரிய வெள்ளி உடன்பாட்டுக்குப் பின்னர், 2006 இல் வட அயர்லாந்துக் கலை மன்றம் இத்தகைய ஓவியங்களை மாற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. இது எளிதான பணியன்று. பல ஓவியங்கள் கொல்லப்பட்டோரின் நினைவுச் சின்னங்களுமாகும். 2007 இல் தேசியவாதத் தரப்பு ஓவியர் டானி டெவனியும் எதிர்த்தரப்பு ஓவியர் மார்க் எர்வினும் இணைந்து பிக்காசோவின் 'குவெர்னிக்கா'வைப் போல்சு சாலையில் வரைந்தனர்.

1969 முதல் இரு தரப்பாரையும் பிரித்துவரும் 'அமைதிச் சுவர்'களை 2023 இற்குள் அகற்ற 2013 இல் இலக்கு வைக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை.