அறக்கொடையும் கணக்கும்

கொடுத்தவர் புகழைப் பாடுவதில் தமிழுக்கு நிகர் தமிழே. சங்ககாலப் புலவர்கள் பாரியையும் பேகனையும் குமணனையும் பாடினர். அந்தக் கொடை இருவருக்கிடையே நிகழ்ந்தது. கொடுத்தவன் எதிரில் நின்றான். பெற்றவன் கைநீட்டி வாங்கினான். பொருள் எங்கே சென்றது என்று வினவும் தேவை அங்கே எழவில்லை. பெற்ற புலவனின் பாட்டே அதற்குச் சான்று.

கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே மூன்றாவது கை ஒன்று புகுந்தபோது நிலைமை மாறிற்று. கோயில், ஊர்ச்சபை, மடம், சத்திரம் எனும் அமைப்புகள் பிறர் கொடுத்த பொருளை வாங்கிவைத்து, வேறு பிறருக்காகச் செலவிடத் தொடங்கின. கொடுத்தவர் மறைந்த பின்னரும் அறம் நடக்கவேண்டும்; அது நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்? இவ்வினாவுக்குத் தமிழகம் ஆயிரம் ஆண்டுகளாக விடை தேடிவந்துள்ளது. கொடையின் வரலாற்றைப் போலவே கணக்கின் வரலாறும் அறியத்தக்கது.

சுவரில் எழுதிய கணக்கு

இவ்வரலாற்றின் பெருஞ்சான்று தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு தன் 26-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அரசன் கொடையும் அதிகாரியின் கொடையும் ஒரே கோயிலின் கல்லில் இடம்பெற்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லும், அணிகலன்களை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயரிட்ட எடைக்கல்லும் இருந்தன. எந்தக் கல்லால் நிறுத்தது, நூலும் அரக்கும் நீக்கி நிறுத்ததா, சேர்த்து நிறுத்ததா என்பதுவரை எழுதிவைத்தனர். எடையில் ஐயம் எழக்கூடாது என்ற கவனம் அதில் தெரிகின்றது.

நொந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுப்பது அக்கால வழக்கம். அவற்றுக்கு ஈடாக 48 பசுக்களோ 16 எருமைகளோ கொடுப்பதும் உண்டு. ஆடுகளைப் பெற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். இவை 'சாவா மூவாப் பேராடுகள்' எனப்பட்டன. கிழட்டு ஆடு மடிந்தால் அதன் குட்டி அவ்விடத்தில் நிற்கும், எண்ணிக்கை குறையக்கூடாது. முதல் குறையாமல் பயனைமட்டும் செலவிடும் இக்காலத்து அறக்கட்டளை நெறி இச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது. ஆடு பெற்ற இடையனின் பெயரும், அவனோடு பொறுப்பேற்ற உறவினர் பெயரும் கல்லில் உள்ளன. காசாக வந்த கொடைகள் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, எதற்காக வட்டி செலுத்தவேண்டும் என்பவையெல்லாம் பொதுவிடத்தில் எழுதப்பட்டன.

புலவர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் அச்சுவரில் உண்டு. திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் ஆக ஐம்பதின்மருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று வரையறுத்தனர். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அவ்விடத்துக்கு யார் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினர். தமிழ் பாடியவரின் பங்கு பிறர் கைக்குப் போகாதிருக்கக் கல்லே காவலாயிற்று.

செலவை வகைப்படுத்தி எழுதும் இவ்வழக்கம் தஞ்சையோடு நிற்கவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் அளித்த நெல்லைப் பிரிவுவாரியாகக் கூறுகின்றது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிக்கின்றது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று தொடங்கி, அறுவை செய்பவர், மருந்து கொணர்பவர், நோயாளிக்குத் துணைநிற்கும் பெண்கள் முதலானோரின் பங்கும், சேமித்துவைக்கும் மருந்துகளின் பெயர்களும் அங்கே வரிசையாக உள்ளன.

எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. கல்வெட்டு காட்டுவது வரவும் திட்டமும். நடந்த செலவு அன்று. மூன்று குறுணி நெல் கொடுக்கவேண்டும் என்பதைச் சுவர் சொல்லும். கொடுத்தார்களா என்பதைச் சொல்லாது. திட்டம் பொதுவில் இருந்தமையால், குறைந்தபோது கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. அதற்குமேல் கேட்க ஆள் வேண்டும். கேட்கும் உரிமை வேண்டும்.

கணக்குக் காட்டாதவர்

அவ்வுரிமையின் கதையை உத்தரமேரூர் சொல்கின்றது. முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை தன் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் ஆள் தெரிந்தெடுத்ததைப் பள்ளிப் பாடநூல்கள்வரை பேசுகின்றன. ஓலையில் பெயர் எழுதத் தகாதவர் யார் என்ற பட்டியலை அந்த அளவுக்கு எவரும் பேசுவதில்லை.

921-ஆம் ஆண்டு விதியின்படி, முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏறமுடியாது. அவர்மட்டுமன்று, அவருடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், தாய்மாமன், மாமனார் எனச் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். குற்றம் செய்யாத உறவினரையும் தண்டிப்பது இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆனால் அதன் நோக்கம் தெளிவானது. கணக்கை மறைத்தவன் தன் மருமகன் பெயரில் அதே பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சபை கருதியது. ஒரே குடும்பம் தலைமுறைதோறும் ஓர் அறத்தைத் தன்னுடைமையாக்கிக்கொண்ட கதைகளைப் பின்னாளில் கண்டவர்க்கு இவ்வச்சம் மிகையாகத் தோன்றாது.

கணக்கெழுதுபவருக்கும் தனி விதி இருந்தது. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே ஊர்க்கணக்கு எழுதலாம். தாம் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் தாமே காட்டித் தூயவர் எனப் பெற்ற பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் புகுந்து முடித்தல் கூடாது.

இதைப் பொற்காலமாகப் புனைவதும் பிழையாகும். உத்தரமேரூர் அந்தணர் ஊர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடைய ஆடவருக்கே அங்கு ஓலை எழுதினர். கோயில் களஞ்சியத்தை நிரப்பிய நெல்லை விளைவித்தவர் பலர் அச்சபையில் இல்லை. கோயிலுக்குள் நுழையவே தடுக்கப்பட்ட மக்களுக்கு அச்சுவர் எட்டாத எழுத்தாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் 1939, 1947 ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை அந்நிலை சட்டத்தால் மாறவில்லை. பொதுவில் எழுதிய கணக்கும் எல்லார்க்கும் பொதுவாக இல்லை என்பது இவ்வரலாற்றின் கசப்பான பக்கம்.

பச்சையப்பர் விட்டுச்சென்ற பொருள்

பிற்காலத்தில் அறப்பொருளின் கதி என்னவாயிற்று என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் வாழ்வு சான்று. 1754-இல் தந்தையை இழந்த பிள்ளையாகப் பிறந்து, வறுமையில் வளர்ந்து, துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். 1794-இல் மறைவதற்குச் சில நாள் முன்பு, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு உரிமையாக்கி உயில் எழுதினார். கோயில் வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும் அவர் விட்ட பொருள் பொறுப்பாளர்களிடமும் உறவினர் வழக்குகளிலும் சிக்கியது. கொடுத்தவரின் எண்ணம் உயிலில் தெளிவாகவே இருந்தது. ஆயினும் அது தாளில் கிடந்ததே தவிர, கேட்பார் இல்லை.

சென்னை உச்சநீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் இப்பொருளை மீட்பதில் முன்னின்றார். பொருளுக்கு நீதிமன்றத்தின்வழி ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. சமயப் பணிகளுக்குப் போக எஞ்சியது கல்விக்கு என்றாயிற்று. 1842-இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. கொடுத்தவர் இறந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னர் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனத்தில் கணிதமேதை இராமானுசனும் அறிஞர் அண்ணாவும் பயின்றனர். கணக்குக் கேட்டவர் இல்லையெனில் அப்பள்ளி இல்லை. அந்த 48 ஆண்டுகளில் படித்திருக்கவேண்டிய பிள்ளைகளுக்கோ எந்தக் கணக்கும் இல்லை.

சட்டம் கேட்ட கணக்கு

கொடையாளரின் நோக்கத்துக்கு மாறாகப் பொறுப்பாளர்கள் அறப்பொருளைத் தம் சொந்தப் பயனுக்குத் திருப்புகின்றனர் என்று 1817-ஆம் ஆண்டின் சென்னை 7-ஆம் ஒழுங்குவிதி தன் முகவுரையிலேயே கூறியது. அதன்படி கோயில், மசூதி, சத்திரம் ஆகியவற்றின் அறநிலங்கள் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வந்தன. கிறித்தவ அரசு பிற சமயக் கோயில்களை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பால் கும்பெனி 1840-களில் விலகிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் பொறுப்பை உள்ளூர்க் குழுக்களிடம் விட்டது. குழு உறுப்பினர் பதவியோ வாழ்நாள் முழுமைக்கும் உரியது. ஓராண்டுப் பதவி முடிந்ததும் கணக்குக் காட்டு என்ற உத்தரமேரூரின் விதியிலிருந்து இது எவ்வளவு தொலைவு என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

1920-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டமே பொதுமனிதன் கையில் ஒரு கருவியைத் தந்தது. பொது அறக்கட்டளை ஒன்றில் அக்கறையுடைய எவரும் நீதிமன்றத்தை அணுகி, அதன் சொத்து, நோக்கம், செலவு பற்றிய விவரங்களைப் பொறுப்பாளர் தரவேண்டும் என்றும், கணக்கைத் தணிக்கை செய்யவேண்டும் என்றும் கேட்க வழி பிறந்தது. 1923-இல் வக்புச் சொத்துகளின் முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. நீதிக்கட்சி அமைச்சரவையில் பனகல் அரசர் முயற்சியால் 1925-இல் இந்து அறநிலையச் சட்டம் உருவாயிற்று. அது 1927-இல் மீண்டும் இயற்றப்பெற்றது. பின்னர் 1951, 1959 ஆண்டுகளின் சட்டங்கள் தொடர்ந்தன. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்களின் கோப்புகளைக் கேட்டுப் படிக்கும் உரிமையைக் குடிமகனுக்குத் தந்தது.

சட்டங்கள் பெருகியபோதும் பழைய வினா தீரவில்லை. தணிக்கை அறிக்கை கோப்பில் உறங்கினால், அது கொடுத்தவர்க்கும் பயனில்லை, பெறவேண்டியவர்க்கும் பயனில்லை. சோழர் சுவரில் செலவின் முடிவு இல்லை, ஆனால் அது கண்முன் இருந்தது. இக்காலப் பேரேட்டில் செலவின் முடிவு உண்டு, ஆனால் அது பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டும் ஓரிடத்தில் சேரும்போதே அறத்தின் கணக்கு முழுமை பெறும்.

இலக்கிய அமைப்புகளும் உறுப்பினர் சந்தாவாலும் அன்பர்கள் நன்கொடையாலும் வாழ்பவையே. ஆண்டு விழாவில் பொருளாளர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கும் நேரத்தில் அவையில் பாதிப்பேர் தேநீருக்கு எழுந்து செல்வது பல ஊர்களில் காணும் காட்சி. கணக்குக் கேட்பது பொருளாளர் மீது கொள்ளும் ஐயம் என்று எண்ணுவதாலேயே பலர் கேட்கத் தயங்குகின்றனர். உத்தரமேரூர்ச் சபை அவ்வாறு எண்ணவில்லை. கணக்கைக் கேட்டு முடித்த பிறகே அது தன் கணக்கரைத் தூயவர் என்றது. கேளாத கணக்கினால் ஒருவர் தூயவர் ஆவதில்லை; உண்மையாக உழைத்த பொருளாளருக்கு அவை செய்யும் சிறப்பு, எழுந்து போகாமல் அமர்ந்து அவர் கணக்கைக் கேட்பதே.