கணப்பும் பலகையும்: இங்கிலாந்தின் கிராமத்து பப்

இடைக்கால இங்கிலாந்தில் கிராமத்து மதுக்கூடம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் அடுக்களையில்தான் பிறந்தது. வீட்டுக்கு ஏல் என்னும் பீர் வகையை வடித்தவள் மிஞ்சியதை விற்றாள். சரக்கு தயார் என்று ஊருக்குச் சொல்ல, வாசலில் கம்பு நீட்டி, நுனியில் தழைக்கொத்து கட்டினாள்.

1393-இல், இரண்டாம் ரிச்சர்டு ஆட்சியில், லண்டனில் ஏல் விற்போர் அடையாளப் பலகை மாட்டுவது கட்டாயமானது. எழுத்தறியாதவர்களுக்குப் படமே பெயர். அம்மன்னரின் சின்னமான வெண்மான் இன்றும் 'ஒயிட் ஹார்ட்' பப்களில் தொங்குகிறது. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த கருவாலி மரம்தான் 'ராயல் ஓக்' என்ற பப் பெயரின் மூலம்.

1830-ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டம் வாசலை அகலத் திறந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் இரண்டு கினி கட்டணம் செலுத்தினால் பீர் விற்க முடிந்தது. சில ஆண்டுகளில் பல்லாயிரம் கடைகள் முளைத்தன.

கணப்பருகே குடியும் அரட்டையும் மட்டும் நடக்கவில்லை. ஊர்க்கூட்டமும், மர்மச் சாவுகள் குறித்த விசாரணையும்கூட அங்கேதான்.

அதனால்தான் பப் மூடப்படும்போது ஊர் பதறுகிறது. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் மக்கள் 2003-இல் கூட்டுறவாகப் பணம் திரட்டி 'ஓல்ட் கிரவுன்' பப்பையே வாங்கினார்கள். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சமூகச் சொத்தாகப் பதியப்பட்ட பப் விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஊரார் ஆறு மாத அவகாசம் பெறலாம்.