கேள்வியும் மருந்தும்

திருவள்ளுவர் பொருட்பாலில் கேள்விக்கென ஓர் அதிகாரமும் மருந்துக்கென ஓர் அதிகாரமும் வகுத்தார். முன்னது 42ஆவது; பின்னது 95ஆவது. இடையே ஐம்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் இருப்பினும், மருத்துவ வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பனவாகவே தோன்றும். மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே வள்ளுவர் முதலில் வைத்தார். அவன் கூறுவதைக் கேளாது நோயை அறிவது எங்ஙனம்?

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் என்னும் மருத்துவர், இதயநோயுற்ற இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கினார். தாள்களைக் குழல்போற் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். இதயத் துடிப்பு முன்னினும் தெளிவாகக் கேட்டது. பின்னர் மரக்குழாய் செய்துகொண்டு, தாம் கேட்டறிந்தவற்றை 1819இல் நூலாக்கினார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த வரலாறு இதுவே. மருத்துவ அருங்காட்சியகங்களில் அத்தகைய மரக்குழாய்களைக் கண்ணாடிப் பேழைக்குள் காண்கிறோம். கேட்கும் பண்பைப் பேழைக்குள் வைக்க இயலுமா?

உடல்நலத்துக்கென்றே எழுந்த அருங்காட்சியகங்களுள் புகழ்பெற்றது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ளது. 1911இல் அங்கு நடந்த சுகாதாரக் கண்காட்சியை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். மறு ஆண்டு தோன்றிய அருங்காட்சியகம், 1930இல் தன் புதிய கட்டடத்தில் உள்ளுறுப்புகள் புலப்படும் கண்ணாடி மனிதனை நிறுத்தி உலகை வியக்க வைத்தது. ஆயின் 1933க்குப் பின்னர் நாஜி ஆட்சியில் அதே கூடம் இனவெறிப் பிரசாரத்துக்குக் கருவியாயிற்று. மக்களுக்குப் போதிப்பதையே தொழிலாகக் கொண்டு, அவர்கள் குரலைக் கேளாத கூடம் எங்கே சென்று முடியும் என்பதற்கு இது சான்று.

நம் கல்கத்தாவிலும் இவ்வரலாற்றுக்கு ஒரு சின்னம் உண்டு. இன்று எஸ்.எஸ்.கே.எம். எனப்படும் மருத்துவமனையில், 1898இல் ரொனால்டு ராஸ் மலேரியா ஆய்வு நடத்தினார். பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சம் நகரெங்கும் பரவியிருந்த காலம் அது. விரலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கவும் ஏழை மக்கள் இசையவில்லை. எனவே ராஸ் பறவைகளைக் கொண்டு ஆய்ந்து, நோய் கொசுவின் வழியே பரவுவதை நிறுவினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். 1927இல் அவரே வந்து திறந்துவைத்த நினைவுச்சின்னம் இன்றும் அங்கு நிற்கிறது. உடனிருந்து உழைத்த முகமது பக்ஸ் என்னும் உதவியாளரின் பெயரை அறிய நாம் ராஸின் நினைவுக்குறிப்புகளைத் தேடவேண்டியுள்ளது. அன்று அஞ்சிய ஏழைகளின் பெயர்கள் எங்கும் இல்லை.

நாம் வாழும் டாக்குரியாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் தீப்பற்றி, புகையால் மூச்சுத் திணறி ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். புகையைக் கண்டு முதலில் ஓடி வந்தோர் பக்கத்துக் குடிசைவாழ் மக்கள். காவலர் அவர்களைத் திருப்பியனுப்பியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் நோயாளர் பலரைத் தூக்கிவந்து காத்தோருள் அம்மக்களும் இருந்தனர். இவ்வூரில் ஒரு நாள் மருத்துவ அருங்காட்சியகம் எழுமாயின், அவர்களின் குரலுக்கும் அங்கே இடம் வேண்டும்.

புலம்பெயர்ந்த நமக்கு இஃது அன்றாடச் செய்தியே. ஊரிலிருந்து வந்த தாயார் ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பதற்கும் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வங்க மருத்துவர் எவ்வாறு அறிவார்? இடையில் நின்று மொழிபெயர்க்கும் மகனோ மகளோ முதலில் நன்கு கேட்டாலன்றோ சரியாகச் சொல்ல முடியும்! வள்ளுவர் எண்ணிய நான்கனுள் நோயாளியின் அருகிருந்து துணைசெய்பவனும் ஒரு கூறு என்பதை மறத்தலாகாது. இரு மொழியும் அறிந்த நம் சங்கத்து இளைஞர், துணையற்ற முதியோருடன் மருத்துவமனைக்குச் செல்லும் தொண்டினை மேற்கொள்வாராயின், கேள்வியும் மருந்தும் ஓரிடத்தே கூடும்.