யானைப் பல் கூறும் பழங்கதை

சைபீரியாவின் உறைபனி நிலத்திலே யானையை ஒத்த விலங்கின் எலும்புகள் கிடைத்தமை பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞரைப் பெரிதும் மயக்கியது. யானையோ வெப்ப நாட்டு விலங்கு. ஆகவே சைபீரியாவும் ஒருகால் வெப்ப நாடாக இருந்திருத்தல் வேண்டும் என்றனர் சிலர். பெருவெள்ளம் அவற்றை அங்கே கொணர்ந்து ஒதுக்கியது என்றனர் வேறு சிலர்.

இவ்வழக்கைத் தீர்க்க உதவியவற்றுள் இலங்கை யானையொன்றின் மண்டையோடும் ஒன்று என்பதைப் பலர் அறியார். ஒல்லாந்த ஆட்சித் தலைவரின் சேகரிப்பிலே அதுவும், நன்னம்பிக்கை முனை யானையொன்றின் மண்டையோடும் இருந்தன. 1795 இல் ஒல்லாந்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் அச்சேகரிப்பைப் பாரிசுக்குக் கொண்டு சென்றனர். போரிலே பறித்த பொருள் கல்விக்குப் பயன்பட்ட அரிய நிகழ்ச்சி இது! 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரலிலே, இருபத்தாறு வயதே நிரம்பிய ஜோர்ஜ் குவியே பாரிசு அறிஞர் அவையில் தம் ஆய்வுரையைப் படித்தார்.

அவர் கண்டது யாது? இலங்கை யானையின் கடைவாய்ப் பல்லில் வரிகள் ஒடுங்கிய நாடாக்களைப் போல நிரையாக ஓடும். ஆபிரிக்க யானையின் பல்லில் அவை சாய்சதுர வடிவின. சைபீரிய விலங்கின் வரிகளோ மிக நெருங்கியவை. அதன் தாடையும் வேறு. எனவே அஃது அழிந்தொழிந்த தனியினம். குளிர்நாடே அதன் தாயகமாக இருந்திருக்கலாம். 1806 இல் லேனா ஆற்றங்கழிமுகத்திலிருந்து மீட்கப்பட்ட உடலின் அடர்ந்த உரோமம் இக்கருத்துக்கு வலுவூட்டியது. 1901 இல் பெரசோவ்கா ஆற்றங்கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மற்றோர் உடலிலே, மென்ற புல் பற்களிடையே அப்படியே இருந்தது.

ஆயினும் எல்லா உயிர்ச்சுவடுகளிலும் உணவு எஞ்சியிருப்பதில்லை. ஆதலின் இக்கால ஆய்வாளர் பல்லின் மிளிரியையே சோதிக்கின்றனர். வெப்பநாட்டுப் புல்லிலும் மரத்தழையிலும் காபன் சமதானிகளின் விகிதம் வேறுபடும். உண்ட விலங்கின் பல்லிலும் அவ்வேறுபாடு பதிந்துவிடும். கிழக்காபிரிக்க யானைக் குலத்தார் ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளின் முன்னரே புல்மேயத் தொடங்கினர் என்பது இவ்வாறே தெரியவந்தது.

இதில் வியப்பொன்றுண்டு. தேய்மானத்தைத் தாங்கும் உயர்ந்த பற்கள் அவற்றுக்கு உடனே வாய்க்கவில்லை. ஏட்ரியன் லிஸ்டர் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு மேலும் 30 இலட்சம் ஆண்டுகள் சென்றன. பல்லின் வடிவை மட்டும் நோக்குபவர், அந்நெடுங்காலம் முழுவதும் அவை தழையே தின்றன என்று பிழையாகக் கணித்திருப்பர்.