கணினித் திரை பேசிய கதை: திரைவாசிப்பான்களின் வரலாறு

கணினியில் பழுது ஏற்பட்டால் என்ன பழுது என்பதைத் திரையே சொல்லிவிடும். கட்டம் ஒன்று தோன்றும், அதில் ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். பார்வையற்றவர் நிலை வேறு. திரையில் உள்ளதை அவருக்குப் படித்துச் சொல்வது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். அதுவே பழுதானால் அறையில் மௌனம் மட்டுமே மிஞ்சும். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய குரலே காணாமல் போயிருக்கும்.

இந்த மௌனம் புதிதல்ல. திரைவாசிப்பான் தோன்றிய நாள் முதல் பலமுறை வாயடைத்துப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எங்கே அறுந்தது என்று யாரோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படித் தேடியவர்களில் பலர் பார்வையற்றவர்களே. திரைவாசிப்பானின் வரலாறு என்பது உண்மையில் இந்தத் தேடலின் வரலாறுதான்.

டாஸ் காலம்

1980களின் தொடக்கத்தில் வந்த தனிநபர் கணினிகளில் படங்கள் குறைவு, எழுத்துகளே அதிகம். டாஸ் இயங்குதளத்தின் வழக்கமான திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் கணினியின் நினைவகத்தில் அதற்குரிய இடத்தில் ஓர் எண்ணாக இருக்கும். அந்த எண்களை வரிசையாக எடுத்துப் பேசும் கருவிக்கு அனுப்பினால் போதும், திரை பேசிவிடும்.

ஐபிஎம் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஜிம் தாட்சர் இதைத்தான் செய்தார். அவருடன் பணிபுரிந்த ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். நண்பருக்கு உதவ வேண்டும் என்று தொடங்கிய முயற்சி ஐபிஎம் நிறுவனத்தின் விற்பனைப் பொருளாகவே 1980களில் வெளிவந்தது. அதற்கு 'ஸ்கிரீன் ரீடர்' என்று பெயரிட்டார்கள். பின்னாளில் இவ்வகை மென்பொருள்கள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது.

இன்னொருவர் டெட் ஹென்டர். இவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் நடந்த கார் விபத்தில் பார்வையை இழந்த பிறகு கணினி நிரல் எழுதக் கற்றார். 1987இல் பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989இல் டாஸுக்கான ஜாஸ் வெளியானது. ஜாஸ் என்னும் பெயரின் விரிவுக்கு, 'பேச்சின் வழியே வேலையை அணுகுதல்' என்று பொருள் கொள்ளலாம். பொழுதுபோக்குக்காக அல்ல, வேலைக்காகவே அது உருவானது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

சன்னல்கள் திறந்தன, குரல் அடைத்தது

பிறகு வரைகலைத் திரைகள் வந்தன. மவுஸ், ஐகான், மெனு என்று பார்வையுள்ளவர்களுக்குக் கணினி எளிதாகியது. பார்வையற்றவர்களுக்கோ அதே மாற்றம் பேரிடியானது. காரணம் எளிமையானது. இப்போது திரைக்கான நினைவகத்தில் எழுத்துகள் இல்லை, புள்ளிகள் மட்டுமே இருந்தன. 640க்கு 480 என்ற அளவுள்ள திரையில் 3,07,200 புள்ளிகள். அவற்றில் எது எழுத்து, எது படம், எது கோடு என்று பழைய திரைவாசிப்பானுக்குத் தெரியாது.

டாஸில் நன்றாக வேலை பார்த்து வந்தவர்கள், அலுவலகம் விண்டோஸுக்கு மாறினால் வேலை என்னவாகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் அரசாங்கம் வரை எட்டியது. விண்டோஸ் 95 வந்த காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு, பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்த முடியாத மென்பொருளை வாங்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்டை எச்சரித்தது.

இதற்கிடையே தீர்வு ஒன்று பிறந்திருந்தது. ஒரு நிரல் திரையில் எழுத்தை வரைய வேண்டுமானால், 'இந்தச் சொல்லை இந்த இடத்தில் வரை' என்று இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். புள்ளிகளாக மாறுவதற்கு முன்பே அந்தக் கோரிக்கையை ஒட்டுக்கேட்டு, எழுத்தை ஒரு பிரதியாகச் சேமித்து வைத்தால்? மெய்த்திரைக்குப் பின்னால் எழுத்துகளாலான நிழல்திரை ஒன்று கிடைத்துவிடும். 1989இல் மெக்கின்டாஷ் கணினிக்காக பெர்க்லி சிஸ்டம்ஸ் வெளியிட்ட அவுட்ஸ்போக்கன் இந்த வழியில் முன்னோடி. 1995 ஜனவரியில் வந்த விண்டோஸுக்கான ஜாஸும் இந்த முறையையே நம்பியிருந்தது.

நிழலின் குறைகள்

நிழல்திரை கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் நிழல் சில நேரம் பின்தங்கிவிடும். ஒரு நிரல் வழக்கத்துக்கு மாறாகத் திரையை நகர்த்தினால், மறைந்துபோன வரியையே திரைவாசிப்பான் படித்துக்கொண்டிருக்கும். ஜாஸில் இன்சர்ட் விசையுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் திரையைப் புதிதாக வாசிக்கும் வசதி இருப்பது இத்தகைய சிக்கலுக்காகத்தான். எழுத்தையே படமாக வரைந்துவிடும் நிரல்களில் நிழல்திரைக்கு எதுவுமே கிடைக்காது. திரை அட்டையின் டிரைவரை மாற்றினால் ஒட்டுக்கேட்கும் இணைப்பே அறுந்துபோவதும் உண்டு. பார்வையுள்ள ஒருவர் நல்லெண்ணத்தோடு கணினியைப் புதுப்பித்துவிட்டுப் போவார், அடுத்த முறை இயக்கும்போது அது ஊமையாகியிருக்கும்.

ஒட்டுக்கேட்பதை விட, நிரலே தன்னைப் பற்றிச் சொன்னால் நல்லதல்லவா? 1997இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி' என்னும் ஏற்பாட்டின் அடிப்படை இதுவே. 'நான் ஒரு பட்டன், என் பெயர் சேமி, இப்போது நான் அழுத்தப்படும் நிலையில் இருக்கிறேன்' என்று நிரலின் ஒவ்வொரு பகுதியும் திரைவாசிப்பானிடம் அறிவிக்கும்.

இங்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. அதே 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4இல் இந்த வசதிக்கான ஆதரவு விடுபட்டுப் போனது. பார்வையற்றோர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, 4.01 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, நிரல் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. இன்றும் பெயரிடப்படாத பட்டன்கள் நிறைந்த ஒரு நிரலைத் திறந்தால், 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டுமே குரல் வரும். அங்கே பழுது திரைவாசிப்பானில் இல்லை.

விலை என்னும் தடை

தொழில்நுட்பம் வளர்ந்தாலும் விலை குறையவில்லை. கணினியின் விலையை விட அதில் நிறுவ வேண்டிய திரைவாசிப்பானின் விலை அதிகம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. விண்டோஸ் 2000உடன் வந்த நரேட்டர் மிக எளிய வேலைகளுக்கே பயன்பட்டது. ஆப்பிள் 2005இல் தன் இயங்குதளத்திலேயே வாய்ஸ்ஓவரைச் சேர்த்துத் தந்தது.

விண்டோஸில் திருப்புமுனை 2006இல் வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன், என்விடிஏ என்னும் இலவச திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். 2007இல் இதற்காகவே என்வி ஆக்சஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவானது. இதன் மூலநிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. யூஎஸ்பி டிரைவில் எடுத்துச் சென்று வேறொருவர் கணினியிலும் இயக்கலாம்.

தமிழ் படித்த குரல்

ஆங்கிலம் தவிர்த்த மொழிகளுக்கு இன்னொரு தடை இருந்தது. ஜொனாதன் டட்டிங்டன் உருவாக்கிய இலவசக் குரல் மென்பொருளான ஈஸ்பீக் தமிழையும் பேசும். என்விடிஏவுடன் சேர்ந்தே அது வருகிறது. மைக்ரோசாஃப்டும் பின்னர் 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரலைத் தந்தது. ஆனால் குரல் இருந்தும் பல தமிழ் ஆவணங்கள் பேசவில்லை.

காரணம் எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் மட்டுமே தமிழ். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தின் எண். பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழாகத் தெரியும் பக்கம், காதால் கேட்பவருக்குப் புரியாத உளறலாகிவிடும். 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை மாற்றப்படும் வரை, எந்தத் திரைவாசிப்பானாலும் அவற்றைத் தமிழாகப் படிக்க இயலாது.

வரலாறு தரும் வழிமுறை

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், திரையிலிருந்து காதுக்கு வரும் பாதையில் நான்கு கண்ணிகள் இருப்பது புரியும். ஒலி, திரைவாசிப்பான், நிரல், எழுத்து. குரல் நின்றால் இந்த வரிசையிலேயே தேடுவது நல்லது.

முதலில் ஒலி. இன்றைய விண்டோஸில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் இயங்கும். அது பேசினால் ஒலியில் குறையில்லை, வழக்கமான திரைவாசிப்பானில்தான் சிக்கல். என்விடிஏவைக் கன்ட்ரோல், ஆல்ட், என் விசைகளால் மீண்டும் தொடங்கலாம். என்விடிஏ விசையுடன் எஸ் விசை தவறுதலாக அழுந்திப் பேச்சு நிறுத்தப்பட்டிருப்பதும் அடிக்கடி நடப்பதே. மற்ற நிரல்களில் பேசி ஒன்றில் மட்டும் மௌனமானால் குறை பெரும்பாலும் அந்த நிரலுடையது. பேசியும் பொருள் விளங்கவில்லை என்றால் எழுத்தைச் சோதிக்க வேண்டும்.

முதல் இரண்டு கண்ணிகளைப் பயனரே சரிசெய்துகொள்ளலாம். மற்ற இரண்டும் நிரல் எழுதுபவர் கையிலும் ஆவணம் தயாரிப்பவர் கையிலும் இருக்கின்றன. ஒரு பட்டனுக்குப் பெயர் வைப்பதும், ஓர் அறிக்கையை யூனிகோடில் தட்டச்சு செய்வதும் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாததால் ஒருவர் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்ப முடியாமல் வேறொருவருக்காகக் காத்திருக்க நேர்கிறது. டெட் ஹென்டர் தன் மென்பொருளின் பெயரிலேயே வேலையைச் சேர்த்து வைத்ததன் பொருள் அங்கேதான் விளங்குகிறது.